25 அடி மனை: நியூயார்க்கின் ஒண்டுக்குடித்தன வீடுகள்

நியூயார்க் நகரத்து எளிய மக்களின் வீடுகள் எவ்வாறு அமைந்தன என்பதை ஆராயப் புகுவோர், அந்த வீடுகள் எழுவதற்கு முன்பே தரையில் இழுக்கப்பட்டுவிட்ட கோடுகளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 1811ஆம் ஆண்டில், மாநிலச் சட்டமன்றம் நியமித்த மூவர் குழு, மன்ஹாட்டன் தீவில் அன்றைய ஊர் எல்லைக்கு வடக்கே கிடந்த குன்றுகளையும் ஓடைகளையும் பண்ணைகளையும் பொருட்படுத்தாமல், நெடுக்கே 12 அகன்ற சாலைகளும் குறுக்கே 155 தெருக்களும் கொண்ட ஒரு கட்டத்தை வரைந்து தந்தது. நெடுக்குச் சாலைகளுக்கு 100 அடி அகலமும் பெரும்பாலான குறுக்குத் தெருக்களுக்கு 60 அடி அகலமும் ஒதுக்கப்பட்டன. அடுத்தடுத்த இரண்டு தெருக்களுக்கு இடையில் ஏறத்தாழ 200 அடி ஆழமுள்ள நிலம் எஞ்சியது. அந்த நிலத்தை முதுகோடு முதுகாக இரண்டு வரிசையாகப் பிரித்தபோது ஒவ்வொரு மனைக்கும் 100 அடி ஆழம் கிடைத்தது. முகப்பு அகலம் 25 அடி என்பது வழக்கமாயிற்று. நேர்க்கோணமான வீடுகளே கட்டச் செலவு குறைந்தவை, குடியிருக்க வசதியானவை என்பது குழுவினர் தம் திட்டத்துக்குச் சொன்ன காரணம். வீட்டுக்குப் பின்னால் சந்து விடுவதைப் பற்றி அவர்கள் நினைக்கவில்லை. ஆகவே காற்றும் வெளிச்சமும் குப்பை வண்டியும் மனையின் முன்பக்கத்தை மட்டுமே நம்பியிருந்தன.

ஒரு குடும்பம் ஒரு வீட்டில் வாழும் வரை இந்த மனையில் குறை ஏதும் தெரியவில்லை. நாற்பது, ஐம்பது அடி ஆழத்துக்கு வீட்டைக் கட்டி, மீதியைக் கொல்லையாக விட்டால், முன்னறைக்குத் தெருப்பக்கத்திலிருந்தும் பின்னறைக்குக் கொல்லைப்பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வந்துவிடும். 1800இல் ஏறத்தாழ 60,000 பேர் வாழ்ந்த நகரத்தில் 1850இல் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோரும் 1860இல் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோரும் வாழ்ந்தார்கள் என்னும் கணக்குதான் அந்த ஏற்பாட்டைக் குலைத்தது. உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து வந்தவர்களும், 1848ஆம் ஆண்டுப் புரட்சிகள் தோற்ற பின் ஜெர்மன் நாடுகளிலிருந்து வந்தவர்களும் துறைமுகத்துக்கு அருகிலேயே, வேலைக்கு நடந்து போகும் தொலைவில், குடிக்கூலிக்கு இடம் தேடினார்கள். வசதி படைத்த வணிகர்கள் வடக்கே நகர்ந்தபோது விட்டுச்சென்ற வீடுகளை இடைத்தரகர்கள் மொத்தக் குத்தகைக்கு எடுத்துத் தடுப்புகள் வைத்துப் பல குடித்தனங்களாகப் பிரித்தார்கள். கொல்லையில் இன்னொரு கட்டடம் எழுப்பி அதற்குப் பின்வீடு என்று பெயரிட்டார்கள். இவ்வளவும் போதாமற்போன பிறகு, பல குடும்பங்களை வைப்பதற்கென்றே புதிதாகக் கட்டும் தொழில் தோன்றியது. அந்த ஒண்டுக்குடித்தனக் கட்டடத்துக்கு நியூயார்க்கில் வழங்கிய பெயர் டெனமென்ட் என்பதாகும்.

தொடக்ககால டெனமென்ட்டின் தளவரைபடத்தைப் பார்த்தால் அது ரயில் பெட்டி போலவே இருக்கும். மக்களும் அதை ரயில் வீடு என்றே அழைத்தார்கள். 100 அடி மனையில் 90 அடி வரைக்கும் கட்டடம் நீண்டிருக்கும். இருபுறமும் அண்டை வீட்டின் சுவரோடு ஒட்டிய சுவர்கள். அவற்றில் ஜன்னல் வைக்க வழியில்லை. தெருவைப் பார்த்த அறைக்கும் கொல்லையைப் பார்த்த அறைக்கும் மட்டுமே வெளிச்சம். நடுவில் இருந்த அறைகளுக்கு அடுத்த அறையின் கதவைத் திறந்தால் வருவதைத் தவிர வேறு காற்றில்லை.

ஆர்ச்சர்ட் தெருவில் 97ஆம் எண் கட்டடம் இன்றும் நிற்பதால், இந்த வகை வீட்டைக் காகித வரைபடத்தில் அல்லாமல் செங்கல்லிலேயே காண முடிகிறது. லூக்காஸ் கிளாக்னர் என்னும் ஜெர்மானியத் தையற்காரர் 1863இல் கட்டுவித்த ஐந்து மாடிக் கட்டடம் அது. அந்தத் தெரு 1811 திட்டத்தின் எல்லைக்குத் தெற்கே, அதற்கும் முந்தைய பண்ணைப் பிரிவினையில் உருவான பகுதியில் இருக்கிறது. ஆனால் மனைக் கணக்கு அங்கும் ஏறத்தாழ அதுவேதான். மாடிக்கு நான்கு குடித்தனங்கள். குடித்தனம் ஒவ்வொன்றிலும் மூன்று அறைகள். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 325 சதுர அடி. முன்னறைக்கு மட்டுமே வெளிப்புற ஜன்னல் உண்டு. அதற்கு அடுத்தது சமையலறை. அதற்கும் உள்ளே, நகரின் எந்தக் காற்றும் எட்டாத இடத்தில், படுக்கையறை. தண்ணீர் கொல்லையிலிருந்து வர வேண்டும், கழிப்பிடங்களும் அங்கேயே. ஐந்தாம் மாடியில் குடியிருந்த பெண் ஒருத்தி துணி துவைக்கும் நாளில் எத்தனை முறை வாளியோடு இருட்டுப் படிக்கட்டில் ஏறி இறங்கியிருப்பாள் என்பதை அந்தக் கைப்பிடிச் சட்டத்தின் தேய்மானத்திலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். கிளாக்னரைக் கொடிய வீட்டுக்காரராக எண்ண வேண்டியதில்லை. அவரும் குடும்பத்தோடு அதே கட்டடத்தில் சில காலம் வாழ்ந்தவர்தான். அன்றைய சட்டம் தடை செய்த எதையும் அவர் செய்யவில்லை, ஏனென்றால் வீட்டின் உள்ளமைப்பைப் பற்றிச் சட்டம் அப்போது ஏறக்குறைய ஒன்றும் சொல்லவில்லை.

அதே 1863இல், உள்நாட்டுப் போருக்குக் கட்டாயமாக ஆளெடுத்ததை எதிர்த்து நகரத்தில் பெருங்கலவரம் மூண்டது. ஏழைகளின் குடியிருப்புகளுக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வி செல்வந்தர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. கருணையைவிட அச்சமே அதற்குப் பெரிய காரணம் என்று சொல்வது பிழையாகாது. மறு ஆண்டில் குடிமக்கள் சங்கம் ஒன்று மருத்துவர்களை வீதிவீதியாக அனுப்பி நகர் முழுவதையும் ஆராயச் செய்தது. 15,000க்கும் மேற்பட்ட டெனமென்ட்டுகளில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் வாழ்வதை அந்த ஆய்வு கண்டறிந்தது. 1866இல் நகரப் பகுதிக்கென்று சுகாதார வாரியம் ஒன்று நிறுவப்பட்டது. அந்த ஆண்டே வந்த காலராவை அது பெருமளவு கட்டுப்படுத்தியதால் அதன் மதிப்பு கூடியது. 1867இல் அமெரிக்காவின் முதல் முழுமையான டெனமென்ட் சட்டம் வந்தது. மூன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் தனித்தனியே சமைத்து வாழும் கட்டடமே டெனமென்ட் என்று அது வரையறுத்தது. 20 பேருக்கு ஒரு கழிப்பிடமாவது இருக்க வேண்டும் என்றது. தீ விபத்தில் தப்பிக்க வழி கேட்டது. இன்று நியூயார்க்கின் அடையாளமாகிவிட்ட முகப்பு இரும்பு ஏணிகள் இப்படிப்பட்ட சட்டங்களின் விளைவே. இருட்டறைகளைப் பொறுத்தவரை, அடுத்த அறைக்கோ நடைக்கோ திறக்கும் ஒரு காற்றுத்துளை இருந்தால் போதும் என்று அது விட்டுவிட்டது. கெட்ட காற்று ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதற்குச் சட்டம் செய்துகொடுத்த வசதி என்றே இதைச் சொல்ல வேண்டும்.

இந்த வரலாற்றின் மையமான நிகழ்ச்சி ஒரு கட்டடப் போட்டியாகும். குழாய்ப் பணியாளர்களுக்கும் சுகாதாரப் பொறியாளர்களுக்குமான தொழில் இதழ் ஒன்று 1878 டிசம்பரில் அதை அறிவித்தது. 25 அடிக்கு 100 அடி மனையில், குடியிருப்போரின் நலத்தையும் முதலீட்டாளரின் ஆதாயத்தையும் ஒருங்கே காக்கும் டெனமென்ட் ஒன்றை வரைந்து தர வேண்டும் என்பது நிபந்தனை. ஏறத்தாழ 200 வரைபடங்கள் வந்து சேர்ந்தன. ஜேம்ஸ் வேர் என்னும் கட்டடக் கலைஞரின் வரைபடம் முதற்பரிசு பெற்றது. நீண்ட கட்டடத்தின் இடுப்பை இருபுறமும் சற்று உள்வாங்கச் செய்து, முன்னும் பின்னும் அகன்றும் நடுவில் ஒடுங்கியும் இருக்குமாறு அவர் அமைத்தார். உடற்பயிற்சி செய்வோர் கையில் பிடிக்கும் டம்பெல்லின் பெயரே அந்த வடிவத்துக்கு வந்தது. அடுத்தடுத்து இரண்டு டம்பெல் கட்டடங்கள் நிற்கும்போது, இரண்டின் உள்வாங்கலும் சேர்ந்து நடுவே மேல்நோக்கித் திறந்த ஓர் இடுக்கு உண்டாகும். ஏர் ஷாஃப்ட் எனப்பட்ட இந்தக் காற்றுக்கிணற்றை நோக்கி நடு அறைகளுக்கு ஜன்னல் வைக்கலாம் என்பதே வேர் கண்ட தீர்வு. 1879ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா அறைகளுக்கும் வெளிக்காற்று வேண்டும் என்று கேட்டபோது, கட்டுமானக்காரர்கள் கையில் இந்த வடிவம் ஆயத்தமாக இருந்தது.

காற்றுக்கிணற்றின் அளவைப் பார்த்தாலே அதன் கதி புரிந்துவிடும். ஒவ்வொரு மனையிலும் அதற்காக விடப்பட்ட அகலம் பொதுவாக 28 அங்குலம். அண்டை மனையின் பங்கும் சேர்ந்தால் ஐந்தடிக்கும் குறைவு. நீளம் ஐம்பது, அறுபது அடி. ஆழமோ ஐந்து, ஆறு மாடி. மேல் மாடிக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. கீழ் இரண்டு மாடிகளில் நண்பகலிலும் விளக்கெரிந்தது. மாடிக்கு 14 அறைகள் இருந்த கட்டடத்தில் நான்கு அறைகளுக்கு மட்டுமே தெருவிலிருந்தோ கொல்லையிலிருந்தோ நேர்க்காற்று வந்தது. படுக்கையறை ஒன்றின் அளவு ஏழு அடிக்கு எட்டரை அடி. குப்பையைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி இறங்குவதைவிட ஜன்னல் வழியே கீழே போடுவது எளிது என்பதால், கிணற்றின் அடியில் எச்சில் உணவும் எலும்பும் அழுகிக் கிடந்தன. அதன் நாற்றம் தாங்காமல் குடித்தனக்காரர்கள் அந்த ஜன்னல்களையே அடைத்து வைத்தார்கள். எதிர் வீட்டுச் சண்டையும் குழந்தையின் அழுகையும் இருமலும் கிணற்றின் வழியே எல்லா மாடிகளுக்கும் கேட்டன. தீப்பிடித்தாலோ, காற்றுக்காக விட்ட வெளி நெருப்பை மேலே இழுக்கும் புகைபோக்கியாக மாறியது. பரிசு பெற்ற வரைபடங்களே இவ்வளவுதான் என்றால் இந்தச் சிக்கலுக்குத் தீர்வில்லை என்னும் பொருள்பட அன்றைய நாளேடுகளிலேயே கண்டனம் எழுந்தது. ஆயினும் அடுத்த இருபது ஆண்டுகளில் மன்ஹாட்டன் முழுவதும் இந்த வடிவமே பரவியது. பிற்காலத்தில் பழைய சட்ட டெனமென்ட் என்று பெயர் பெற்றவை இவைதாம்.

குறையை வேரின் மீது சுமத்துவது எளிது. ஆனால் போட்டியின் நிபந்தனையிலேயே விடை அடங்கியிருந்தது. 25 அடி அகலத்தில், இருபுறமும் சுவர் ஒட்டி, ஆதாயமும் வரும்படி நான்கு குடித்தனங்களை ஒரே மாடியில் அடைக்கச் சொன்னால் எவரும் இதைவிடப் பெரிதாக எதையும் வரைந்துவிட முடியாது. வேறு வழி இருந்தது என்பதை ஆற்றுக்கு அப்பால் புரூக்ளினில் ஆல்ஃப்ரெட் ஒயிட் என்னும் வணிகர் காட்டிக்கொண்டுதான் இருந்தார். லண்டனில் தொழிலாளர்களுக்குக் கட்டப்பட்ட மாதிரி வீடுகளைப் பின்பற்றி, 1877 முதல் அவர் எழுப்பிய கட்டடங்கள் இரண்டு அறை ஆழமே கொண்டவை. படிக்கட்டுகளும் நடைகளும் வெளிப்புறத்தில் திறந்திருந்தன. கட்டடங்களுக்கு நடுவே பெரிய முற்றம் இருந்தது. முதலீட்டுக்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வரவு போதும் என்று அவர் வரம்பு கட்டிக்கொண்டார். அவற்றில் பல இன்றும் நன்றாகவே நிற்கின்றன. ஆனால் ஒயிட்டிடம் பல மனைகள் சேர்ந்த ஒரே நிலப்பரப்பு இருந்தது; மன்ஹாட்டனிலோ ஒவ்வொரு மனையும் தனித்தனி ஆள் கையில், பெரும்பாலும் கடனில் வாங்கிக் கட்டி உடனே விற்றுவிடும் சிறு கட்டுமானக்காரர் கையில் இருந்தது. அவரும் பலவேளைகளில் முந்தைய கப்பலில் வந்திறங்கிய குடியேறியே.

வீடு வெறும் வீடாகவும் இருக்கவில்லை. சுருட்டுச் சுற்றுவோர் சமையலறையிலேயே புகையிலையைப் பரப்பி வைத்து வேலை செய்தார்கள். 1881க்குப் பின் ருஷ்யப் பேரரசிலிருந்து பெருந்திரளாக வந்த யூதக் குடும்பங்கள் முன்னறையைத் தையற்கூடமாக்கின. வாடகையைச் சமாளிக்க, இருக்கிற மூன்று அறையில் உள்வாடகைக்கு ஆளும் வைத்தார்கள். டெனமென்ட்டுக்குள் சுருட்டுச் சுற்றுவதை 1884இல் மாநிலம் தடை செய்தது. தொழிலாளியை அவனுடைய இல்லத்திலிருந்து பிரித்து வேறோர் இடத்துக்குத் துரத்துவது எப்படிச் சுகாதாரமாகும் என்று கேட்டு, மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1885இல் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. புகையிலைத் தூசிக்கு நடுவே பிள்ளைகள் தூங்கிய இடத்துக்கு இல்லத்தின் புனிதம் என்ற வாதம் கிடைத்தது அந்தத் தீர்ப்பின் வினோதம். கோடைக்காலத்தில் இந்த வீடுகளுக்குள் படுக்க முடியாது. மக்கள் மொட்டைமாடியிலும் இரும்பு ஏணித் தளத்திலும் பாய் விரித்தார்கள், உருண்டு விழுந்து இறந்தவர்களும் உண்டு. பின்னாளில் நாவல்களும் திரைப்படங்களும் இந்தத் தெருக்களின் கலகலப்பைக் கொண்டாடின. கலகலப்பு உண்மைதான், உள்ளே இருக்க முடியாததால் மக்கள் வெளியே இருந்தார்கள் என்பதும் உண்மை.

டென்மார்க்கிலிருந்து வந்து காவல்துறைச் செய்தியாளராக இருந்த ஜேக்கப் ரீஸ், வெடித்து ஒளிரும் மக்னீசியத் தூளின் உதவியால் இருட்டறைகளைப் புகைப்படம் எடுத்து 1890இல் வெளியிட்ட நூல், வாசிக்கும் வர்க்கத்தை உலுக்கியது. இத்தாலியர், யூதர், சீனர் ஆகியோரைப் பற்றி அவர் எழுதியவற்றில் அக்காலத்துக் காழ்ப்பு நிறையவே உண்டு. இருந்தாலும் படங்கள் வாதத்துக்கு இடம் வைக்கவில்லை. அவருடைய முயற்சியால் மல்பெரி பெண்ட் என்னும் நெரிசலான பகுதி இடிக்கப்பட்டு 1897இல் பூங்காவானது. அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு மாற்று வீடு கட்டித்தர எவரும் முன்வரவில்லை. 1894இல் மாநிலம் அமைத்த குழு ஒன்று, மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியின் ஒரு மூலையில் ஏக்கருக்கு 986 பேர் வாழ்வதாகக் கணக்கிட்டு, உலகின் மிக நெரிசலான இடமாக அதுவரை கருதப்பட்ட பம்பாயின் ஒரு பகுதியையும் நியூயார்க் மிஞ்சிவிட்டது என்று அறிவித்தது.

கடைசி அடியை அடித்தவர் லாரன்ஸ் வெய்லர் என்னும் இளைஞர். 1900 பிப்ரவரியில் அவர் நடத்திய கண்காட்சியில், கிறிஸ்டி, ஃபோர்சித், கனால், பேயார்ட் ஆகிய நான்கு தெருக்களுக்கு இடைப்பட்ட ஒரே ஒரு மனைத்தொகுதி அட்டையில் வீடு வீடாகச் செய்து வைக்கப்பட்டிருந்தது. அதில் 39 டெனமென்ட்டுகள், 605 குடித்தனங்கள், 2,781 மக்கள், 264 கழிப்பிடங்கள், குளியல் தொட்டி ஒன்றுகூட இல்லை. எந்தெந்த வீட்டில் காசநோய் கண்டது, எந்தெந்த வீட்டார் தர்ம உதவி கேட்டார்கள் என்பதைக் காட்டும் வரைபடங்கள் அருகில் தொங்கின. அன்றைய மாநில ஆளுநர் தியோடர் ரூஸ்வெல்ட் அந்தக் கண்காட்சியோடு தம்மை இணைத்துக்கொண்டார். அவ்வாண்டே ராபர்ட் டி ஃபாரஸ்ட் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. வெய்லர் அதன் செயலரானார். 1901 ஏப்ரலில் நிறைவேறிய சட்டம் அந்தக் குழுவின் வேலை.

முந்தைய சட்டங்கள் தோற்றதன் காரணத்தை வெய்லர் நன்கு அறிந்திருந்தார். அவை நல்லெண்ணத்தை வெளியிட்டன, விதிவிலக்கு வழங்கும் அதிகாரத்தை அலுவலர் கையில் கொடுத்தன. கட்டுமானக்காரர்கள் விதிவிலக்கையே விதியாக்கிக்கொண்டார்கள். 1879 சட்டம் மனையில் 65 விழுக்காட்டுக்கு மேல் கட்டக் கூடாது என்றது. நடைமுறையில் எண்பதும் தொண்ணூறும் சாதாரணமாயின. புதிய சட்டம் எல்லாவற்றையும் அடியிலும் அங்குலத்திலும் எழுதியது. நடுமனைகளில் 70 விழுக்காட்டுக்கு மேல் கட்டக் கூடாது. 60 அடி உயரக் கட்டடத்தில், மனை எல்லையை ஒட்டிய உள்முற்றம் குறைந்தது 12 அடி அகலமும் 24 அடி நீளமும் இருக்க வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் வெளி ஜன்னல், ஒவ்வொரு குடித்தனத்துக்கும் குழாய்த்தண்ணீர், அதற்குள்ளேயே தனிக் கழிப்பறை. இவற்றைக் கண்காணிக்க நகர நிர்வாகத்தில் தனித்துறை ஒன்றும் உருவானது. கொல்லையில் சாக்கடையோடு இணைத்துவிட்ட நீண்ட தொட்டிக் கழிப்பிடங்களை அகற்றச் சொன்னதை எதிர்த்து வீட்டு உரிமையாளர் ஒருவர் தொடுத்த வழக்கு, மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தையும் கடந்து 1906இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது; சட்டமே வென்றது.

இந்த அளவுகளோடு 25 அடி மனையில் கட்டினால் ஆதாயம் கிடையாது. வெய்லரின் சட்டம் அந்த மனையை ஒழிக்கிறேன் என்று எங்கும் சொல்லவில்லை. கணக்குப் போட்ட கட்டுமானக்காரர்களே அதைக் கைவிட்டு, இரண்டு மனைகளைச் சேர்த்து வாங்கி, 40, 50 அடி அகலத்தில் நடுவே உண்மையான முற்றத்தோடு கட்டத் தொடங்கினார்கள். 1904இல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியதும், மலிவான நிலம் கிடைத்த பிராங்க்ஸிலும் புரூக்ளினிலும் புதிய சட்ட வீடுகள் பெருகின. சீர்திருத்தக்காரர்கள் அறுபது ஆண்டுகள் பேசியும் நடக்காததை ரயில் பாதையும் முற்றத்தின் அளவும் சேர்ந்து நடத்தின என்பதே இந்தக் கட்டுரையின் துணிபு.

பழைய வீடுகள் மட்டும் அப்படியே இருந்தன. புதிய துறை கணக்கெடுத்தபோது நகரில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இருட்டறைகள் இருப்பது தெரிந்தது. அவற்றில், வெளிச்சம் வரும் அறையைப் பார்த்த உட்சுவரை உடைத்து ஜன்னல் பொருத்த வேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டது. ஆர்ச்சர்ட் தெருவின் 97ஆம் எண்ணில் அந்த ஜன்னல்களை இன்றும் பார்க்கலாம்: முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே, வீட்டுக்குள்ளேயே, மரச்சட்டமும் கண்ணாடியுமாக ஒரு வெளிப்புற ஜன்னல். 1905 வாக்கில் மாடிக்கு இரண்டு கழிப்பறைகள் உள்ளே வந்தன. 1929இல் பல்குடியிருப்புச் சட்டம் இன்னும் அதிகமான மாற்றங்களைக் கேட்டபோது, அந்தச் செலவு செய்ய மனமில்லாத உரிமையாளர் 1935இல் மேல்மாடிகளிலிருந்து குடித்தனக்காரர்களை வெளியேற்றிப் பூட்டிவிட்டு, கீழே கடைகளை மட்டும் நடத்தினார். அதே 1935 டிசம்பரில், சில தெருக்களுக்கு அப்பால், நகர வீட்டுவசதி ஆணையம் தன் முதல் பொதுக் குடியிருப்பைத் திறந்தது. ஒட்டிக்கொண்டிருந்த டெனமென்ட்டுகளில் சிலவற்றை இடித்து இடைவெளி உண்டாக்கி, மீதியை வைத்துக் கட்டுவதே அதன் முதல் திட்டம். பூட்டிக் கிடந்த 97ஆம் எண்ணை அருங்காட்சியகமாக்கும் வேலை 1988இல் தொடங்கியது.

ஒவ்வொரு வசிப்பறைக்கும் ஜன்னல் வேண்டும் என்னும் விதி நியூயார்க்கில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கொரோனாவுக்குப் பின் காலியான அலுவலகக் கட்டடங்களை வீடுகளாக்க முயன்றபோது, அவற்றின் தளங்கள் மிக ஆழமாக இருப்பதால் நடுப்பகுதிக்கு வெளிச்சம் கிடைக்காது என்ற பழைய சிக்கலே குறுக்கே வந்தது. படுக்கையறைக்கு ஜன்னல் இல்லாவிட்டால்தான் என்ன என்று கேட்ட குரல்களும் எழுந்தன. விதி தளர்த்தப்படவில்லை. ஆகவே வாட்டர் ஸ்ட்ரீட்டின் 25ஆம் எண் அலுவலகக் கட்டடத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளாக மாற்றியபோது, அதன் நடுவே தளங்களை வெட்டி இரண்டு முற்றங்களைத் திறந்தார்கள்.